யாருடைய இடது?

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் "இருக்கேன்" என்று ஒற்றை வார்த்தை எழுதுவாய், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். போனில் பேசலாம் என்றால் மூன்றாவது நிமிஷமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. கடைசியாகப் பேசியபோது போனை நீ வைத்தாயா நான் வைத்தேனா என்கிற வழக்கே இன்னும் தீரவில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நீ கடையின் பின்னறையில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்த புரோகிராம் இருக்கிறதே, அது ஓடுகிற கம்ப்யூட்டர் சாகக் கிடக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று முறை தானாக அணைகிறது. அதற்குள் இரண்டாயிரத்து அறுநூறு பேருடைய கால் இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவர்கள். ஷூவுக்குள் வைக்கிற மெத்தையில், அவர்களுடைய பழைய புண்ணுக்கு நேராகக் குழி விழ வேண்டும். குழி தப்பினால் அவர்களுக்கு வலிக்காது. வலிக்காததுதான் ஆபத்து. காலையே எடுக்கிற அளவுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புதிதாக ஒரு சாஃப்ட்வேர் போட்டே ஆக வேண்டும். மூன்று கன்சல்டன்டுகள் வரப்போகிறார்கள். அவர்கள் பேசுவதில் எனக்கு "மேடம்" ஒன்றுதான் புரிகிறது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கிறது. யாரை நம்புவது, என்ன கேட்பது என்று எழுது. வேறு யாரிடம் கேட்பேன்? நாள் முழுக்க ஊர்க் காலையெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மத்தியானம் அதே முக்காலியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுகிறேன். பட்டறையில் பதினோரு பேர் இருந்தும் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை.

அக்கா

பிப்ரவரி 14

அக்கா,

இருக்கேன்.

(கோபம் வந்துவிட்டதா? சரி, மேலே படி.)

உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டேன். கம்ப்யூட்டருக்கு என்று தெரிந்ததும் மூச்சு வந்தது. இங்கே எனக்கு வருகிற தபாலெல்லாம் விளம்பரம்தான். தபால்பெட்டியைத் திறந்து, அதே இடத்தில் நின்று கிழித்து, அங்கேயே குப்பையில் போட்டுவிட்டு நாலு மாடி ஏறுவேன். உன் கடிதத்தை மட்டும் மேலே கொண்டுவந்தேன்.

கன்சல்டன்ட் விஷயம். அழகாகப் பேசுகிறவனைப் பார்த்து மயங்காதே. நீ கேட்பதற்கெல்லாம் "முடியும்" என்கிறவனை அந்த நிமிஷமே வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிடு. "தெரியலை, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று ஒரு தடவையாவது சொல்கிறானா என்று பார். முன்பு வேலை செய்த இடங்களில் மூன்று பேருடைய போன் நம்பர் வாங்கு, அவர்களிடம் "வேலை எப்படி?" என்று கேட்காதே, "தப்பு நடந்தப்போ என்ன பண்ணினார்?" என்று கேள். உன் டேட்டா உன்னுடையது என்று காகிதத்தில் எழுதி வாங்கு. முடிவு செய்யும்வரை பாஸ்வேர்டு தராதே. கடைசியாக ஒன்று: "நீங்க போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்று கேள். அதற்கு ஒழுங்கான பதில் இல்லாதவனை நம்பாதே.

மூன்று பேரையும் பற்றி எழுது. எனக்குப் பொழுது போகும்.

தம்பி

பிப்ரவரி 25

தம்பிக்கு,

"நீங்க போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" இந்தக் கேள்வியை எட்டு வருஷத்துக்கு முன்னால் பின்னறையில் இருந்தவனிடம் கேட்காமல் விட்டுவிட்டேன் பார். போகட்டும்.

மூவரும் வந்து போனார்கள். முதல் ஆள் ஆமாஞ்சாமி. "கப்பல்ல இருந்து இயக்க முடியுமா?" என்று சும்மா கேட்டேன். "தாராளமா மேடம்" என்றார். எனக்கு எதற்குக் கப்பல்? அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது ஆள் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார், வியர்க்க வியர்க்க. ஆனால் பேச்சு சுத்தம். எட்டு ஆஸ்பத்திரிக்கு வேலை செய்திருக்கிறார். நீ சொன்னபடி போன் செய்தேன். இரண்டு பேர் நல்லபடியாகச் சொன்னார்கள், ஒருவர் எடுக்கவில்லை. டேட்டா என்னுடையது என்று எழுதித் தருகிறார். சனி ஞாயிறில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவாராம்.

மூன்றாவது ஒரு பெண். நாற்பது வயது இருக்கும், தனியாகத் தொழில் செய்கிறாள், தோளில் ஒரு துணிப்பை. வந்தவள் டெமோ காட்டவில்லை. பட்டறைக்குள் போய், வெட்டு மெஷினுக்கு வருகிற ஸ்லிப்புகளில் பத்தைப் பொறுக்கினாள். அதை என் மேஜைக்குக் கொண்டுவந்து, திரையில் பதிந்திருப்பதோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ஒன்றரை மணி நேரம்! பிறகு எல்லார் முன்னாலும் கேட்கிறாள்: "அக்கா, நீங்க இடதுன்னு போட்டிருக்கீங்களே, அது யாரோட இடது?"

எனக்கு எப்படி இருக்கும் சொல். "எனக்கு இடது எது வலது எதுன்னு தெரியாதுங்கிறியா?" என்றேன். "அப்படிச் சொல்லலைக்கா. திரையில இடதுன்னு இருக்கு, ஸ்லிப்புல வலதுன்னு வருது. எல்லாருக்கும் இல்ல, சில பேருக்கு. ஏன்னு எனக்குத் தெரியலை. தெரியாம நான் கை வைக்க மாட்டேன்" என்றாள். மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இருபது வருஷமாகக் காலைத் தொட்டுப் பிழைக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? "போயிட்டு வாம்மா" என்றுவிட்டேன்.

கோட்டுக்காரரிடம் சொன்னபோது, "நீங்க போட்டதுதான் சரி மேடம், பழைய சாஃப்ட்வேர்ல தப்பு இருக்கு, நம்மளுதுல அது இருக்காது" என்றார். அது பேச்சு. நீ எழுதியதில் தப்பு என்றதும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, மறைக்க மாட்டேன்.

நீ என்ன சொல்கிறாய்?

அக்கா

மார்ச் 6

அக்கா,

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

அந்தப் பெண் வேண்டாம். தனி ஆள், நாளைக்குக் காய்ச்சல் வந்தால் உன் கடையும் படுத்துக்கொள்ளும். கோட்டும் வேண்டாம். இரண்டு நாளில் மாற்றுகிறேன் என்கிறவனுக்கு எதை மாற்றுகிறோம் என்று தெரியாது.

நான் வருகிறேன். இங்கே வேலையை விட்டுவிடலாம். விட்டால் தேடுகிற ஆள் யாரும் இல்லை. பின்னறையில் ஒரு மேஜை போதும். அந்தப் புரோகிராமின் மூலைமுடுக்கெல்லாம் எனக்குத்தான் தெரியும். எதற்கு வெளி ஆள்?

பதில் வரும்வரை யாருக்கும் பாஸ்வேர்டு தராதே.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

வேண்டாம்டா.

இதை எழுத மூன்று நாள் ஆனது. நீ வருகிறேன் என்று எழுதியதைப் பார்த்ததும் பின்னறையைத் திறந்து, ஒட்டடைகூட அடித்துவிட்டேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். நீ கெட்டிக்காரன், உன்னைவிட இந்த வேலை தெரிந்தவன் இல்லை. ஆனால் நீ சொல்லாமல் போனவன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை உன் நாற்காலி காலியாக இருந்தது, அவ்வளவுதான். அதன் பிறகு ஒவ்வொரு முறை பிரிண்டர் நின்றபோதும் நான் நடுங்கிய நடுக்கம் உனக்குத் தெரியாது. நாளைக்கு நான் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டால்? மறுபடி ஒரு செவ்வாய்க்கிழமை வரும். என்னை நம்பிக் காலை நீட்டுகிறவர்களை அப்படி நட்டாற்றில் விட முடியாது.

எனக்கு வேண்டியது, நான் திட்டினாலும் மறுநாள் வருகிற ஆள். உன்னை நான் திட்டாமல் இருக்கவும் முடியாது, திட்டினால் நீ இருக்கவும் மாட்டாய்.

கோட்டுக்காரரோடு கையெழுத்துப் போட்டுவிட்டேன். பாஸ்வேர்டும் கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை முதல் அவருடைய புரோகிராமில் ஸ்லிப் வரும். கோபித்துக்கொள்வாய் என்று தெரியும். கோபித்துக்கொண்டாலும் பதில் எழுது.

அக்கா

மார்ச் 23

அக்கா,

இன்று காலை பட்டறைக்குப் போன் செய்து மேஸ்திரியிடம் பேசியது நான்தான். "வெட்டறதை நிறுத்துங்க, இந்த வாரம் போன ஜோடியெல்லாம் திரும்ப வாங்குங்க" என்றேன். "யாரு பேசறது?" என்றார். சொன்னேன். உன்னைக் கூப்பிடவில்லை, ஏனென்றால் நமக்கு மூன்று நிமிஷம்தான் கணக்கு, அதைச் சண்டையில் செலவழிக்க இன்று நேரமில்லை.

அந்தப் பெண் கேட்டது சரியான கேள்வி. தப்பு என் புரோகிராமில் இல்லை. உன் இடது, உன்னுடைய இடது.

நீ முக்காலியில் உட்காருகிறாய். வந்தவர் எதிரே நாற்காலியில் உட்காருகிறார். உன் இடது கைப் பக்கம் இருக்கிற காலை நீ இடது என்று எழுதுகிறாய். அது அவருடைய வலது கால். ஆரம்பத்தில் நீயே அளந்து, அந்தத் தாளை உன் முன் அப்படியே வைத்து, நீயே குழி தோண்டினாய். அதனால் ஒரு குறையும் வரவில்லை. புரோகிராம் வந்து, வெட்டுகிறவர்கள் வேறு ஆட்களான முதல் வாரமே நான் கண்டுபிடித்துவிட்டேன். உன் பெயரில் பதிவாகிற காலை மட்டும், ஸ்லிப் அடிக்கும்போது இடம் வலம் மாற்றச் சொல்லி ஒரு வரி போட்டேன். பிறகு வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் அம்மா சரியாகத்தான் எழுதுவார், அவருக்கு மாற்றம் இல்லை. பத்து வருஷத்துக்கு மேலாக நீ தப்பாக எழுதினாய், சரியாக வந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அது மாமா உன்னை விட்டுப் போன மாசம். போகும்போது நீ செய்ததெல்லாம் தப்பு என்று பட்டியல் போட்டுவிட்டுப் போனார். அந்த மாசம் "தப்பு" என்கிற சொல்லை இன்னொருவர் உன்னிடம் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். அப்புறம் சொல்லலாம் என்று வைத்தேன். அப்புறம் நான் போய்விட்டேன்.

இனி எழுதுவதுதான் கஷ்டம். அந்தப் பெண்ணின் கேள்வியை நீ எழுதிய கடிதம் வந்தபோதே எனக்குக் காரணம் தெரியும். சொன்னால் அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்கும், சொல்லாவிட்டால் எனக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். அதனால்தான் நான் வருகிறேன் என்றேன். நீ வேண்டாம் என்று எழுதியது முந்தாநாளே வந்தது. கோட்டு திங்கட்கிழமை தொடங்கிவிட்டான் என்று தெரிந்தும் இரண்டு நாள் சும்மா இருந்தேன். படட்டும் என்று நினைத்தேன் அக்கா. யார் படுவார்கள் என்று நினைக்கவில்லை. இன்று காலை என் ஷூவுக்குள் காலை விடும்போதுதான் உறைத்தது.

என்னைத் திட்டு. ஆனால் அந்தப் பெண்ணைக் கூப்பிடு.

தம்பி

மார்ச் 30

தம்பிக்கு,

திட்டுவதற்கு வார்த்தை தேடினேன். கிடைத்ததெல்லாம் சின்னதாக இருந்தது.

நீ சொன்னபோது ஆறு ஜோடி வெட்டியிருந்தார்கள். ஐந்து பட்டறையிலேயே இருந்தது. ஒன்று போய்விட்டது, ரிடையர் ஆன ஒரு டைப்பிஸ்ட் அம்மாவுக்கு. இரண்டு பஸ் மாறி நானே ஓடினேன். வாசலில் என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "ஒரு ஷூவுக்காக நீங்களே வரணுமா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அதற்குள் அவர் ஷூவைக் கழற்றிக் காலை மடியில் வைத்துக்கொண்டேன். வலது குதிகாலில் பழைய புண் இருந்த இடம் சிவந்து, ஒரு கொப்புளம். "எத்தனை நாளா போடறீங்க?" என்றேன். "ரெண்டு நாள்தாம்மா. ரொம்ப சுகமா இருக்கு" என்றார்.

இரண்டு நாள்டா. நீ சும்மா இருந்த அதே இரண்டு நாள். நானே ஆட்டோ வைத்து டாக்டரிடம் கொண்டுபோனேன். கொப்புளத்தோடு நின்றது, இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார். அந்த அம்மாவிடம் தப்பு எங்களுடையது என்று சொன்னேன். உன்னுடையது என்று பிரித்துச் சொல்ல வாய் வரவில்லை. பாதி என்னுடையதுதானே.

மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, மேஸ்திரியை என் முக்காலியில் உட்காரச் சொல்லி, நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினேன். கடை தொடங்கி இருபது வருஷத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. "உங்க கைக்கு இடது எதுன்னு சொல்லுங்க" என்றேன். அவர் என் வலது காலைத் தொட்டார். பாவம், நான் ஏன் அழுகிறேன் என்று தெரியாமல் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

கோட்டுக்காரரிடம் கேட்டேன். "நீங்க சொன்னபடிதானே மேடம் பண்ணினேன்" என்றார். நிஜம்தான், நான் சொன்னபடிதான் செய்தார். அனுப்பிவிட்டு, மறுபடி பழைய கம்ப்யூட்டரையே ஓட்டுகிறோம். பிறகு அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போனேன். முன்னறையே அவள் ஆபீஸ். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள், "விடை கிடைச்சுதாக்கா?" என்றாள். கேள்வியை மனதில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்! உன் கடிதத்தைக் காட்டினேன். முழுக்கப் படித்தாள். பிறகு சொன்னாள்: "உங்க தம்பி இதை மறைச்சதும் உண்மை, சொன்னதும் உண்மை. இது மாதிரி இன்னும் எத்தனை வரி இருக்குன்னு அவர் எழுதித் தரணும். அது வந்தாத்தான் தொடுவேன்."

எழுதிக் கொடு. ஒன்று விடாமல் எழுதிக் கொடு. இனி நான் எதிரில் இருப்பவரின் காலைத் தொட்டு, "இது உங்களுக்கு எந்தக் கால்?" என்று வாய்விட்டுக் கேட்டுத்தான் எழுதுகிறேன். வந்தவர்கள் சிரிக்கிறார்கள்.

அக்கா

ஏப்ரல் 21

அக்கா,

முப்பத்தோரு பக்கம் எழுதி அந்தக் கன்சல்டன்ட் அம்மாவுக்கு அனுப்பினேன். அவர் எனக்கு நான்கு முறை போன் செய்தார். நான் எழுதியதையே என்னிடம் கேட்டு மடக்கினார். "இந்த இடத்துல 'அக்கா சொன்னா அக்கா சொன்னதுதான்'னு குறிப்பு போட்டிருக்கீங்களே, இது எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, அவரே சிரித்துவிட்டார். அவரை விட்டுவிடாதே. நான் என் வாழ்நாளில் பார்த்த நம்பகமான ஆட்களில் அவர் இரண்டாவது. முதல் ஆள் நீ.

அந்தச் செவ்வாய்க்கிழமை பற்றி நீ எட்டு வருஷமாகக் கேட்காததைச் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் ஒரு வாடிக்கையாளர் பின்னறையை எட்டிப் பார்த்து, "இது யாரு?" என்று உன்னிடம் கேட்டார். "கம்ப்யூட்டர் பாக்கிறவரு" என்றாய். நீ அவசரத்தில் சொன்னாய். எனக்கு அது ஆறவே இல்லை. தம்பி என்று சொல்ல அதைவிடக் குறைந்த எழுத்துதான்.

இன்னொன்று. இதையும் அந்த முப்பத்தோரு பக்கத்தில் எழுதியிருக்கிறேன், ஆனால் நீ என்னிடமிருந்தே கேட்க வேண்டும். பழைய புரோகிராமில், தினமும் உன் பெயரில் முதல் பதிவு விழுந்ததும் எனக்கு ஒரு சின்ன மெயில் வரும்படி வைத்திருந்தேன். கோளாறு பார்ப்பதற்காக வைத்தது. போன பிறகு நிறுத்தியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். காலை ஒன்பதரைக்கு அது வரும். அக்கா கடைக்கு வந்துவிட்டாள் என்று தெரியும். பிறகுதான் நான் டீ போடுவேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வாரம் வரவே இல்லை. கடைக்குப் போன் செய்தேன். நீ இருமிக்கொண்டே "யாரு?" என்றாய். வைத்துவிட்டேன்.

அந்தக் கோட்டு வந்த வாரம் மெயில் நின்றது, பழையதற்குத் திரும்பியதும் மறுபடி வந்தது. போன திங்கட்கிழமையோடு அந்த அம்மா அதை எடுத்துவிட்டார். வெளியே ஒருவனுக்கு உன் கடையிலிருந்து மெயில் போகக் கூடாது, அதுதான் முறை, நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன். பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிட்டார். எல்லாம் சரியாகச் செய்கிறார்.

ஆக, உன் கடையில் எனக்கென்று இருந்த கடைசி வரியும் போயிற்று. ஒப்படைக்க இனி ஒன்றும் இல்லை, சரிபார்க்க ஒன்றும் இல்லை. காலை ஒன்பதரைக்குச் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. ஒரு வேலையும் இல்லாமல் என்ன சொல்லிக்கொண்டு அங்கே வருவது என்றுதான் தெரியவில்லை.

தம்பி

ஏப்ரல் 28

தம்பிக்கு,

இங்கே உனக்கு ஒரு வேலையும் இல்லை. வா.

அக்கா